சலவைக் கூடை சுமந்த வங்கித் தலைவி

1903-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் ஒரு புதிய வங்கி தன் கதவுகளைத் திறந்தது. அன்று அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சமையற்காரிகள், சலவைத் தொழிலாளர்கள், புகையிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள், கூலிகள். ஒருவர் 31 சென் மட்டும் கொண்டு வந்து கணக்குத் திறந்தார். அந்த 31 சென்னையும் புத்தகத்தில் முறையாகப் பதிந்து வாங்கிக்கொண்டார்கள். மாலையில் கணக்குப் பார்த்தபோது மொத்தம் 9,000 டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது. வங்கியின் பெயர் செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி. பென்னி என்றால் ஒரு சென் காசு. தன் பெயரிலேயே ஒரு சென் காசுக்கு இடம் கொடுத்த வங்கி அது.

அந்த வங்கியின் தலைவர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் மேகி லீனா வாக்கர். அப்போது அவருக்கு வயது 39. அடிமையாக இருந்த ஒரு தாயின் மகள் அவர். அமெரிக்காவில் வங்கி தொடங்கி அதற்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினப் பெண்மணி என்று வரலாறு அவரைப் பதிவு செய்துள்ளது. அந்தப் பெருமை அவருக்கு உரியதுதான். ஆனால், வங்கி திறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் இன்னொரு காரியத்தைத் தொடங்கியிருந்தார். அது சிறுவர்களுக்காக அவர் அமைத்த கிளைச் சங்கம். அவருடைய பிற்கால வெற்றிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அதை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் வாழ்க்கையைப் பார்ப்போம்.

பிறப்பும் வறுமையும்

மேகி 1864-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் ரிச்மண்டில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தென் மாநிலங்களின் தலைநகராக அப்போது ரிச்மண்ட் விளங்கியது. அவருடைய தாயார் எலிசபெத் டிரேப்பர், எலிசபெத் வான் லூ என்ற செல்வச் சீமாட்டியின் மாளிகைச் சமையலறையில் வேலை செய்தார். அந்தச் சீமாட்டி தென்னகத் தலைநகரிலேயே வாழ்ந்துகொண்டு வட மாநிலப் படைக்கு உளவு சொன்னவர். மேகியின் தந்தை அயர்லாந்தில் பிறந்த வெள்ளையர், பத்திரிகையாளர். இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. பின்னர், அதே மாளிகையில் வேலை பார்த்த வில்லியம் மிட்செல் என்பவரை எலிசபெத் மணந்தார். மிட்செல் ஒரு தங்கும் விடுதியில் தலைமைப் பரிசாரகர் ஆனார். குடும்பம் தனி வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. வாழ்க்கை மெல்லத் தலைநிமிரத் தொடங்கியது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 1876-இல் மிட்செலின் உடல் ஜேம்ஸ் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. தற்கொலை என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். கொலை என்றே குடும்பம் நம்பியது. உண்மை எதுவாயினும், உழைத்துப் போட்ட ஒருவர் இல்லாமல் போனார். பிள்ளைகள் இருவரையும் காப்பாற்ற எலிசபெத் வெள்ளையர் வீட்டுத் துணிகளை வாங்கி வந்து வெளுக்கத் தொடங்கினார். அழுக்குத் துணியை வாங்கி வருவதும், வெளுத்துத் தேய்த்த துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் பன்னிரண்டு வயதைக்கூட எட்டாத மேகியின் வேலை. கூடையைச் சுமந்துகொண்டு, தம்பியையும் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கும் போய்வந்தாள் அச்சிறுமி.

சலவைத் தொழில் செய்யும் வீட்டில் காசின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எத்தனை துணி வெளுத்தால் எத்தனை சென் வரும், அதில் சவர்க்காரத்துக்கு எவ்வளவு, விறகுக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு என்ற கணக்கு அந்த வீட்டின் அன்றாடப் பேச்சு. மேகி கற்ற முதல் வணிகப் பாடம் அதுவே எனலாம்.

மேடை மறுக்கப்பட்ட மாணவி

1883-இல் மேகி, கறுப்பினத்தவருக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தேர்ச்சி பெற்றார். பட்டமளிப்பு விழாவின் போது ஒரு சிக்கல் எழுந்தது. வெள்ளை மாணவர்களுக்கு நகரின் நாடக அரங்கில் விழா நடக்கும். கறுப்பின மாணவர்களுக்குத் தேவாலயத்தில் நடக்கும். இதுதான் அதுவரை வழக்கம். எங்கள் பெற்றோரும் வரி கட்டுகிறார்கள், எங்களுக்கு மட்டும் ஏன் அந்த அரங்கம் இல்லை என்று மேகியும் வகுப்புத் தோழர்களும் கேட்டார்கள். மொத்தம் பத்துப் பேர் கொண்ட சிறிய வகுப்பு அது. அரங்கைத் தருகிறோம், ஆனால் பார்வையாளர்கள் இனவாரியாகப் பிரிந்துதான் உட்கார வேண்டும் என்று பதில் வந்தது. மாணவர்கள் அதை ஏற்கவில்லை. இறுதியில் பள்ளி மண்டபத்திலேயே விழாவை முடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் நடத்திய தொடக்ககாலப் பள்ளிப் போராட்டங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிடுகிறார்கள்.

பிறகு மேகி, தாம் படித்த பள்ளி ஒன்றிலேயே ஆசிரியையாகச் சேர்ந்தார். மாலை வேளையில் கணக்கியலும் பயின்றார். 1886-இல் ஆர்ம்ஸ்டெட் வாக்கர் என்பவரை மணந்தார். அவர் குடும்பம் செங்கல் கட்டுமானத் தொழிலில் இருந்தது. திருமணமான பெண் ஆசிரியப் பணியில் தொடரக்கூடாது என்பது அக்கால விதி. மூன்றே ஆண்டுகளில் மேகியின் ஆசிரியப் பணி முடிவுக்கு வந்தது. வகுப்பறைக் கதவு மூடியது. ஆனால், கற்பிக்கும் ஆசை அவரிடமிருந்து போகவில்லை.

சிறுவர் கிளை

மேகி பதினான்கு வயதிலேயே செயின்ட் லூக் சங்கத்தில் உறுப்பினரானவர். 1867-இல் பால்டிமோர் நகரில் மேரி பிரௌட் என்ற கறுப்பினப் பெண்மணி அதைத் தொடங்கினார். தொடக்கத்தில் பெண்களுக்காக மட்டும் இருந்தது, பின்னர் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. உறுப்பினர்கள் மாதந்தோறும் சிறு தொகை கட்டுவார்கள். நோயுற்றால் உதவி கிடைக்கும். இறந்தால் அடக்கச் செலவுக்குப் பணம் கிடைக்கும். நம் தோட்டப்புறங்களில் இருந்த மரணச் சகாய நிதியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காப்புறுதி நிறுவனங்கள் கறுப்பினத்தவரை மதிக்காத காலத்தில், மானத்தோடு வாழவும் மானத்தோடு அடக்கமாகவும் இத்தகைய சங்கங்களே அவர்களுக்குத் துணையாக இருந்தன.

இச்சங்கத்தில் படிப்படியாக உயர்ந்த மேகி, 1895-இல் ஒரு தீர்மானத்தைக் கொண்டு வந்தார். சங்கத்துக்குச் சிறுவர் பிரிவு ஒன்று வேண்டும் என்பதே அது. தீர்மானம் நிறைவேறியது. அப்பணியை அவரே முன்னின்று நடத்தினார். பிள்ளைகள் சிறு குழுக்களாகச் சேர்க்கப்பட்டனர். ஒவ்வொரு குழுவையும் ஒரு பெண்மணி கவனித்துக்கொண்டார். சிக்கனம், சேமிப்பு, கல்வி, தூய்மை, பிறருக்கு உதவுதல், தம் இனத்தைப் பற்றிய பெருமிதம் ஆகியவை அங்குக் கற்பிக்கப்பட்டன. பின்னாளில் இளையோரின் மேற்படிப்புக்காகக் கல்விக் கடன் நிதி ஒன்றும் சங்கத்தில் உருவானது. கல்விக் கடனை நம்பிப் பல்கலைக்கழகம் வந்த நம்மில் பலருக்கு அதன் அருமை தெரியும்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணக்காரர் சிலரிடம் நன்கொடை வாங்கி ஏழைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடாக மேகி இதை அமைக்கவில்லை. பிள்ளையும் தன் பங்குக்குச் சிறு காசு கட்ட வேண்டும். பெறுபவன், கொடுப்பவன் என்ற இரண்டு சாதி அந்தச் சங்கத்தில் இல்லை. ஏழைப் பிள்ளையிடம் காசு வாங்குவதா என்று கேட்கத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால், இலவசமாகப் பெறும் பிள்ளை அடுத்தவர் தயவைப் பார்த்து நிற்கிறது; ஒரு சென் கட்டிய பிள்ளை தன் உரிமையைக் கேட்கிறது. அடிமை முறை ஒழிந்து முப்பதே ஆண்டுகள் ஆகியிருந்த சமுதாயத்தில் இந்த வேறுபாடு சிறியதன்று. அந்தப் பிள்ளைகளின் பாட்டனும் பாட்டியும் தாங்களே பிறருடைய சொத்தாக எழுதப்பட்டிருந்தவர்கள். பேரப்பிள்ளையின் பெயரில் ஒரு கணக்கு இருப்பது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

கையிருப்பு 31 டாலர் 61 சென்

1899-இல் சங்கத்தின் நிலைமை கவலைக்கிடமானது. அதுவரை தலைமைச் செயலாளராக இருந்தவர், இனி இது தேறாது என்று எண்ணிப் பொறுப்பிலிருந்து விலகினார். மேகி அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பணம் 31 டாலர் 61 சென். செலுத்த வேண்டிய கடனோ 400 டாலர். முன்னவர் பெற்ற சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கே மேகி வேலை செய்ய முன்வந்தார்.

அவர் ஊர் ஊராகப் போனார். தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் பேசினார். உறுப்பினர்களைச் சேர்த்தார். கணக்கேடுகளைச் சீர்செய்தார். 1924-இல் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டியது. சுமார் 1,500 கிளைகள் இயங்கின. ரிச்மண்ட் தலைமையகத்தில் 50 பேர் பணியாற்றினார்கள். அவர்களில் பலர் கறுப்பினப் பெண்கள். வீட்டு வேலை, சலவை, புகையிலைத் தொழிற்சாலை ஆகியவற்றை விட்டால் வேறு வேலையே கிடைக்காத ஒரு நகரத்தில், மேசையின் முன் அமர்ந்து தட்டச்சு செய்யவும் கணக்கு எழுதவும் அப்பெண்களுக்கு வழி பிறந்தது.

மூன்று திட்டங்கள்

1901-இல் நடந்த சங்கத்தின் மாநாட்டில் மேகி மூன்று திட்டங்களை முன்வைத்தார். ஒரு செய்தித்தாள், ஒரு வங்கி, ஒரு பெரிய கடை. மூன்றும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்றார். அடுத்த நான்கு ஆண்டுகளில் மூன்றையும் நிறைவேற்றியும் காட்டினார்.

முதலில் வந்தது செய்தித்தாள். 1902-இல் செயின்ட் லூக் ஹெரால்ட் என்ற வார இதழ் வெளிவந்தது. சங்கச் செய்திகளோடு, கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமையையும் இனப் பாகுபாட்டுச் சட்டங்களையும் அது துணிந்து கண்டித்தது. 1904-இல் ரிச்மண்ட் டிராம் வண்டிகளில் இனவாரியாக இருக்கை பிரிக்கப்பட்டபோது, டிராமில் ஏறாதீர்கள், நடந்தே போங்கள் என்று மக்களைத் தூண்டியவர்களில் மேகியும் ஒருவர். அவ்வாண்டே டிராம் நிறுவனம் நொடித்துப் போனது. எனினும், பிரிவினை ஒழியவில்லை. 1906-இல் சட்டமே அதைக் கட்டாயமாக்கியது. பணத்தால் ஒரு நிறுவனத்தை அசைக்கலாம். வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்களால் சட்டத்தை அசைப்பது எளிதன்று என்பதை அந்தப் போராட்டம் உணர்த்தியது.

இரண்டாவது திட்டம் வங்கி. வங்கித் தொழில் தெரியாமல் மேகி அதில் இறங்கவில்லை. ரிச்மண்டில் இருந்த வெள்ளையர் வங்கி ஒன்றுக்கு நாள்தோறும் சில மணி நேரம் சென்று, அங்கு வேலை எப்படி நடக்கிறது என்று பல வாரங்கள் கற்றுக்கொண்டார். அதன் பிறகே தம் வங்கியைத் திறந்தார்.

ஏன் சொந்த வங்கி வேண்டும்? காரணம் எளியது. கறுப்பினத்தவரின் சங்கங்களும் தேவாலயங்களும் சேர்த்த பணம் வெள்ளையர் வங்கிகளில் கிடந்தது. அந்த வங்கிகளோ கறுப்பினத்தவருக்கு வீடு வாங்கவோ கடை வைக்கவோ கடன் கொடுக்கத் தயங்கின. அதாவது, சலவைக்காரியின் சேமிப்பு வெள்ளை வணிகரின் முதலாக மாறியது; சலவைக்காரி வாடகை வீட்டிலேயே இருந்தாள். சொந்த வங்கி இந்தச் சுற்றை மாற்றியது. நூறு பேர் போட்ட சில்லறை ஒருவருக்கு வீட்டுக் கடன் ஆனது. அவர் வாடகையாகக் கொடுத்த பணம் கடன் தவணையாகத் திரும்பி வந்தது. அது இன்னொருவருக்குக் கடன் ஆனது. 1920-க்குள் 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இவ்வங்கியின் உதவியால் வீட்டுக் கடனை முழுமையாக அடைத்துச் சொந்த வீட்டில் குடியிருந்தன. சிறு துளி பெரு வெள்ளம் என்று தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதாத மாணவர் இல்லை. துளி தானாக வெள்ளம் ஆகாது. அதைத் தேக்கி வைக்க அணை வேண்டும். மேகி கட்டியது அந்த அணையைத்தான்.

கடை மூடப்பட்டது

மூன்றாவது திட்டமான செயின்ட் லூக் எம்போரியம் 1905-இல் ரிச்மண்டின் முக்கிய வணிகத் தெருவில் திறக்கப்பட்டது. துணிமணி முதல் வீட்டுப் பொருள் வரை கிடைக்கும் பல்பொருள் கடை அது. கறுப்பினப் பெண்கள் விற்பனையாளராக வேலை செய்யவும், கறுப்பின வாடிக்கையாளர் அவமதிப்பு இல்லாமல் பொருள் வாங்கவும் ஓர் இடம் வேண்டும் என்பதே நோக்கம்.

வெள்ளை வணிகர்கள் சும்மா இருக்கவில்லை. கடை திறப்பதற்கு முன்பே கட்டடத்தை அதிக விலை கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள். மேகி மறுத்துவிட்டார். பிறகு, இந்தக் கடைக்குச் சரக்குக் கொடுக்கக்கூடாது என்று மொத்த வணிகர்களை நெருக்கினார்கள். சரக்குக் குறைந்தது, விலை கூடியது. இன்னொரு பக்கம், எந்த மக்களுக்காகக் கடை திறக்கப்பட்டதோ அந்த மக்களில் பலரே மலிவையும் பழக்கத்தையும் நாடி வெள்ளையர் கடைகளுக்குப் போனார்கள். மேகி மேடை மேடையாக மன்றாடினார். பலன் இல்லை. 1911-இல் எம்போரியம் மூடப்பட்டது.

வெற்றியாளர்களின் வரலாற்றை எழுதும்போது இத்தகைய பக்கங்களை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். ஆனால், இந்தத் தோல்வி சொல்லும் செய்தி முக்கியமானது. வங்கி வென்றது, கடை தோற்றது. இரண்டையும் நடத்தியவர் ஒருவரே, மக்களும் அதே மக்களே. வங்கிக்கு வேண்டிய சரக்கு மக்களின் காசு; அது அவர்கள் கையிலேயே இருந்தது. கடைக்கு வேண்டிய சரக்கு பிறர் கையில் இருந்தது. இன உணர்வை மட்டும் நம்பி வணிகம் நடக்காது. பொருள் வரும் வழியும் நம் வசம் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

நம்பிக்கைக்கு வந்த சோதனை

வங்கிக்கும் சோதனை வந்தது. 1910-இல் ரிச்மண்டில் இருந்த மற்றொரு பெரிய கறுப்பினச் சங்கமான டுரூ ரிஃபார்மர்ஸ் நடத்திய வங்கி வீழ்ந்தது. மோசமான கடன்களும் உள்ளேயே நடந்த மோசடியும் காரணம். ஏழைகள் பலர் சேமிப்பை இழந்தார்கள். இதன் விளைவாக வங்கிகளை அரசு கடுமையாக ஆய்வு செய்யத் தொடங்கியது. சங்கத்தின் நிதியும் வங்கியின் நிதியும் தனித்தனியாகப் பிரிக்கப்பட வேண்டியதாயிற்று. மேகி அதற்கேற்ப வங்கியைச் சங்கத்திலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக மாற்றினார். ஆய்வாளர்கள் வந்தபோது அவர் கணக்கேடுகள் தாக்குப்பிடித்தன. 1922-இல் ஜான் மிட்செல் என்ற புகழ்பெற்ற பத்திரிகையாசிரியர் நடத்திய மெக்கானிக்ஸ் வங்கியும் மூடப்பட்டது. மேகியின் வங்கி நிலைத்து நின்றது.

ஒரு சென் காசை நம்பி ஒப்படைத்த சிறுவனுக்கு வங்கி ஒருமுறை துரோகம் செய்தால், அவன் வாழ்நாள் முழுவதும் எந்த வங்கியையும் நம்ப மாட்டான். சேமிக்கக் கற்றுக் கொடுத்தவருக்கு, சேமித்ததைப் பாதுகாக்கும் கடமையும் உண்டு. மேகியின் உண்மையான பெருமையை நான் இங்கேதான் காண்கிறேன்.

இல்லத்தில் விழுந்த இடி

1904-இல் மேகி, ஜாக்சன் வார்டு வட்டாரத்தில் கிழக்கு லீ தெருவில் ஒரு வீடு வாங்கினார். கணவர், இரு மகன்கள், வளர்ப்பு மகள், முதிய தாயார் என்று குடும்பம் முழுவதும் அங்கு வாழ்ந்தது. அந்த வீட்டில் 1915-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு பேரிடி விழுந்தது. அக்கம்பக்கத்தில் திருடன் நடமாட்டம் இருப்பதாகப் பேச்சு அடிபட்ட நேரம். மூத்த மகன் ரஸ்ஸல், இரவில் பின்கட்டில் நின்ற தன் தந்தையையே திருடன் என்று எண்ணிச் சுட்டுவிட்டார். ஆர்ம்ஸ்டெட் வாக்கர் உயிரிழந்தார்.

ஒரே இரவில் மேகி விதவையானார். மகன் கொலைக் குற்றவாளிக் கூண்டில் நின்றார். வழக்கின் முடிவில் ரஸ்ஸல் விடுவிக்கப்பட்டார். ஆனால், ஊர் வாய் ஓயவில்லை. இத்தகைய அவப்பெயருக்கு ஆளான குடும்பத்தைச் சேர்ந்தவர் சங்கத்துக்குத் தலைமை வகிக்கலாமா என்று சங்கத்துக்குள்ளேயே ஒரு பிரிவினர் எதிர்ப்புக் கிளப்பினார்கள். மேகி உறுப்பினர்கள் முன் நின்று தம் பதினாறு ஆண்டுப் பணியை எடுத்துரைத்தார். உறுப்பினர்கள் அவர் பக்கம் நின்றார்கள். மகனோ மீளவில்லை. மனம் உடைந்த ரஸ்ஸல் 1923-இல் காலமானார்.

1907-இல் மேகி படியில் விழுந்து முழங்காலில் அடிபட்டிருந்தார். அந்த வலி ஆண்டுக்கு ஆண்டு கூடியது. நீரிழிவும் சேர்ந்துகொண்டது. 1928 வாக்கில் நடக்க முடியாத நிலை ஏற்பட்டது. வீட்டில் மின்தூக்கி பொருத்திக்கொண்டார். சக்கர நாற்காலிக்கு ஏற்றவாறு மகிழுந்தை மாற்றி அமைத்துக்கொண்டார். தினமும் அலுவலகம் போய்வந்தார்.

இதற்கிடையே பொதுப்பணியும் நின்றுவிடவில்லை. 1912-இல் ரிச்மண்ட் கறுப்பினப் பெண்கள் மன்றத்தைத் தொடங்கினார். திக்கற்ற சிறுமிகளுக்காக ஜேனி போர்ட்டர் பாரெட் நடத்திய பள்ளிக்கு அம்மன்றம் நிதி திரட்டித் தந்தது. 1920-இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் கறுப்பினப் பெண்களை வாக்காளராகப் பதிவு செய்யத் திரட்டினார். 1921-இல் மாநிலப் பொதுக்கல்விக் கண்காணிப்பாளர் பதவிக்குப் போட்டியிட்டார். தோல்வி உறுதி என்று தெரிந்தே நின்றார். திருமணம் ஆனதால் வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆசிரியை, மாநிலத்தின் கல்வித் தலைமைக்கே போட்டியிட்டது கவனிக்கத்தக்கது.

பெருமந்தத்தைத் தாண்டிய வங்கி

1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. சக்கர நாற்காலியில் இருந்த மேகி ஒரு முடிவெடுத்தார். தனித்து நின்று பெயரைக் காப்பாற்றுவதைவிட, சேர்ந்து நின்று மக்களின் பணத்தைக் காப்பாற்றுவது மேல். அதன்படி, 1930-இன் தொடக்கத்தில் அவருடைய வங்கி ரிச்மண்டின் மற்றொரு கறுப்பின வங்கியுடன் இணைந்தது. மறு ஆண்டு மூன்றாவது வங்கியும் சேர்ந்தது. தாம் வைத்த செயின்ட் லூக் என்ற பெயர் மறைந்தது; கன்சாலிடேட்டட் வங்கி என்ற புதிய பெயர் வந்தது. தலைவர் பதவியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து, இயக்குநர் வாரியத் தலைவராக மேகி இருந்தார். பெயரையும் பதவியையும் விட மறுத்து உடைந்துபோன இயக்கங்களைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்த முடிவின் அருமை புரியும்.

1934-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் மேகி லீனா வாக்கர் தமது 70-வது வயதில் காலமானார். சில ஆண்டுகளில் ரிச்மண்டில் கறுப்பின மாணவர்களுக்கான உயர்நிலைப்பள்ளி ஒன்று அவர் பெயரில் திறக்கப்பட்டது. அவர் வாழ்ந்த வீட்டை அமெரிக்க அரசு 1978-இல் தேசிய வரலாற்றுத் தலமாக ஏற்றது. 2017-இல் ரிச்மண்ட் நகர மையத்தில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அவருடைய வங்கி 2005 வரை, அதாவது நூறு ஆண்டுகளுக்கு மேல், கறுப்பினத்தவரின் சொந்த வங்கியாகவே இயங்கிவிட்டுப் பின்னர் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

நமக்கு என்ன?

மேகி வாக்கரின் வாழ்க்கையைப் படித்து முடிக்கும்போது, இவர் வணிகரா, சமூகச் சேவையாளரா என்ற கேள்வி எழுகிறது. இவ்விரண்டையும் வெவ்வேறு என்று நினைத்துப் பழகியதால் எழும் கேள்வி இது. பணம் சம்பாதிப்பது ஒரு காலம், பிறகு அதில் கொஞ்சம் எடுத்துத் தருமம் செய்வது ஒரு காலம் என்று அவர் தம் வாழ்க்கையை வகுத்துக்கொள்ளவில்லை. சிறுவர் கிளையில் காசு சேர்த்துப் பழகிய பிள்ளைகள் வங்கியின் வாடிக்கையாளராக வளர்ந்தார்கள். வங்கி அவர்களுக்கு வீடு கொடுத்தது. அந்த வீட்டில் பிறந்த பிள்ளை மீண்டும் சிறுவர் கிளையில் சேர்ந்தது. தொழிலும் தொண்டும் ஒன்றுக்கொன்று உணவாயின.

நம் சமுதாயத்தில் இளையோருக்கென நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. தன்முனைப்பு முகாம், பரிசளிப்பு விழா, உதவிநிதி வழங்கும் விழா என்று ஆண்டு முழுவதும் ஏதாவது நடக்கிறது. அவற்றில் பயன் உண்டு. ஆனால், அங்கெல்லாம் மாணவன் மேடையேறிக் கையேந்திப் பெறுபவனாகவே இருக்கிறான். மாலை முடிந்ததும் வீடு திரும்பிவிடுகிறான். அவனும் ஒரு வெள்ளி கட்டி, கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்டு, அடுத்தவனுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று வாக்களிக்கும் ஓர் அமைப்பை நாம் ஏன் உருவாக்கக்கூடாது? பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் விடுமுறையில் ஊர் திரும்பும்போது பத்துப் பிள்ளைகளைக் கொண்டு இதைத் தொடங்கலாம். பெரிய முதல் தேவையில்லை. ஆனால், கணக்குப் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும்.

மேகி வாக்கர் 31 டாலர் 61 சென்னில் தொடங்கினார். அதில் 31 டாலரை மட்டும் நினைவில் வைத்து 61 சென்னை மறந்திருந்தால், அவர் பெயர் இன்று நமக்குத் தெரிந்திருக்காது.